பேசாமல் இருக்கும் மகன் மேல் ஆர்டிஓ ஆபீசில் மனு கொடுக்கலாமா?

வரப்புப்பூ எழுதியது:

வணக்கம். எனக்கு ராசிபுரம் பக்கம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இங்கே எழுதுவது என் மகளுக்குக்கூடத் தெரியாது, அதனால் யாராவது அடையாளம் கண்டுகொண்டாலும் தயவுசெய்து வெளியே சொல்ல வேண்டாம்.

எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருக்கிறோம். மகன் என்ஜினியரிங் முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அங்கே கூட வேலை செய்த பெண்ணை விரும்பி 2020இல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். வேறு சாதி. எங்கள் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். விஷயம் காதுக்கு வந்த அன்றைக்கே அவங்கப்பா தலைமுழுகிவிட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல் பேப்பரில் விளம்பரமும் கொடுத்தார். என் பேச்சைக் கேட்காமல் தன்னிச்சையாக நடப்பதால் இவருக்கும் எனக்கும் என் குடும்பத்தாருக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை, இவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல என்று நாலு வரி, மேலே அவன் போட்டோ. அவன் அக்கா கல்யாணத்தில் எடுத்த போட்டோ அது. பக்கத்தில் நின்றது நான். ஓரத்தில் என் சேலைத் தோள் வெட்டுப்படாமல் அப்படியே இருக்கும். அப்புறம் ரேஷன் கார்டிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்.

கல்யாணம் ஆன முதல் மாதமே என் கொழுந்தனார் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஓசூர் கம்பெனி கேட்டுக்கே போய், எப்படியாவது பேசிக் கூட்டி வந்துவிடலாம் என்று பார்த்தார். அவன் வெளியே வரவே இல்லை. அதற்குப் பிறகு வேலையை மாற்றிக்கொண்டான், நம்பரும் மாறிவிட்டது. இப்போது பெங்களூரில் இருக்கிறான், பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் அவனோடு படித்த பையன் ஒருவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வருஷம் அவங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பணத்துக்குக் குறை இல்லை, இரண்டு கடை வாடகையும் எங்கள் விவசாயக் காட்டுக் குத்தகையும் வருகிறது. அப்பாவுக்கு முடியவில்லை, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல் என்று அந்தப் பையனிடம் சொல்லி அனுப்பினேன். வரவில்லை. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன். அதற்கும் ஒன்றும் இல்லை.

இப்போது உறவில் ஒருவர், கோட்டாட்சியர் இருக்கிற ஆர்டிஓ ஆபீசில் மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஒரு மனு கொடுங்கள், நோட்டீஸ் போனால் அவன் வந்துதான் ஆக வேண்டும், அங்கேயே வைத்துப் பேசிவிடலாம் என்கிறார். எனக்கு அவனிடமிருந்து ஒரு ரூபாய் வேண்டாம். அவனைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மாப்பிள்ளை வேறு, பேப்பரில் போட்டபோதே அவனுக்குச் சொத்தில் பாத்தியம் போய்விட்டது, வீட்டையும் காட்டையும் மகள் பேருக்கு எழுதிவிடுங்கள் என்கிறார். இதில் எதைச் செய்வது என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இப்படி மனு கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


நேர்பட எழுதியது:

அம்மா, யோசிக்காமல் மனு கொடுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம், கொடுக்காவிட்டால் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். வக்கீல் வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பெற்ற அப்பா பக்கவாதத்தில் கிடக்கும்போது எட்டிப் பார்க்காத பிள்ளைக்கு நோட்டீஸ் போனால்தான் உறைக்கும். கல்யாணம் அவன் இஷ்டம், சரி. அதற்காக அப்பா அம்மாவே வேண்டாம் என்று போய்விடலாமா?


பழையகோப்பு எழுதியது:

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கோட்டாட்சியர் அலுவலகத்தில் இந்த மனுக்கள் வந்த பிரிவிலேயே கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறேன். மேலே நண்பர் சட்டத்தைச் சரியாகத்தான் சொல்கிறார், ஆனால் அம்மாவின் விஷயத்துக்கு அது ஒட்டாது.

தன் வருமானத்திலோ சொத்திலோ பிழைக்க முடியாத பெற்றோருக்கு ஜீவனாம்சம் வாங்கிக் கொடுக்கத்தான் அந்தச் சட்டம். கடை வாடகையும் காட்டுக் குத்தகையும் வருகிறது, பணம் வேண்டாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் மனுவில் என்ன கேட்பீர்கள்? மகனைக் கண்ணில் காட்டச் சொல்லி உத்தரவு போட, இந்த மனுவை விசாரிக்கிற தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை. விசாரணைக்கு முன்னால் சமரச அலுவலர் ஒருவரிடம் அனுப்பலாம், அவர் ஒரு மாதத்துக்குள் இரண்டு பக்கமும் பேசி அறிக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் உறவினர் மனதில் வைத்திருப்பது அதுவாக இருக்கலாம். கொடுக்கிற பணத்தில் தகராறு என்றால் அது உதவும். மனம் விட்டுப்போன குடும்பத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வராந்தாவில் அம்மா ஒரு பெஞ்சில், மகன் தூண் ஓரமாகப் போனைப் பார்த்துக்கொண்டு. பெயர் கூப்பிட்டதும் உள்ளே வருவார், மாதம் இவ்வளவு போட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பார், அம்மா பேசப் பேசப் படியிறங்கிப் போய்விடுவார். மாதம் பிறந்தால் அம்மாவின் பாஸ்புக்கில் தொகை ஏறும். அந்த அம்மாவே மறுபடி வந்து, பணம் வருகிறது சார், பையன் இன்னும் பேசவில்லை, அதற்கு ஏதாவது எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்பார். எங்களிடம் அதற்குப் படிவம் கிடையாது.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், சாப்பாட்டுக்கே வழியில்லாமல் தவிக்கும் பெற்றோர் இதைப் படித்துவிட்டு மனு கொடுக்காமல் இருந்துவிடக் கூடாது. அவர்கள் கட்டாயம் கொடுக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14567க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள், முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் அது.

அடுத்து, மாப்பிள்ளை சொல்வது. பேப்பர் விளம்பரத்தால் யாருடைய வாரிசு உரிமையும் போகாது. கடன்காரன் நம்மிடம் வந்து நிற்கக் கூடாது என்று ஒரு எச்சரிக்கையாகக் கொடுப்பார்கள், அதோடு சரி. உங்கள் வீட்டுக்காரர் உயில் எழுதாமல் போய்விட்டால், 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. வாரிசுச் சான்றுக்கு மனு கொடுத்தால் அதில் உங்கள் மகன் பெயரும் வந்தே தீரும், ரேஷன் கார்டில் இருந்து எடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சுயார்ஜிதம், அதாவது அவரே சம்பாதித்தது என்றால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்க அவருக்கு உரிமை உண்டு. காடு உங்கள் மாமனார் வழியில் பூர்வீகமாக வந்ததா, உங்கள் வீட்டுக்காரர் வாங்கியதா? பூர்வீகம் என்றால் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு இருக்கிறது, முழுதையும் ஒருவர் பேருக்கு எழுதவே முடியாது.

இன்னொன்று, பேச்சு குழறும் ஒருவரிடம் இப்போது பத்திரம் வாங்கினால், சுயநினைவோடு எழுதிக் கொடுத்தாரா என்ற கேள்வி நாளைக்கு எழும். அது உங்கள் மகளுக்கே தலைவலி. தான செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம், எழுதித்தான் ஆக வேண்டும் என்றாலும், நீங்கள் இருவரும் இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை உங்களுக்கே என்றும், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பார்த்துக்கொள்ளாவிட்டால் இதே 2007ஆம் வருஷச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ரத்து கேட்கலாம்தான், ஆனால் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்டினால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் வழக்கில் சட்டத்தைத் தாராளமாகப் பார்த்து ரத்து செய்தார்கள், உண்மைதான். அங்கே மகன் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு உறுதிமொழிக் கடிதமும் இருந்தது. பத்திரத்தில் ஒரு வரி எழுதினால் முடியும் காரியத்துக்கு நீங்கள் எதற்கு டெல்லி வரை போக வேண்டும்?


மழைக்காலம் எழுதியது:

அம்மா, நான் ஈரோட்டுப் பக்கம். உங்கள் மகன் செய்ததையே நானும் செய்தேன். என் அப்பா இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை, அம்மா பேசுகிறார். அதனால் அவன் இடத்தில் நின்று சில விஷயம் சொல்கிறேன், கடுமையாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் நாலைந்து பேரோடு கம்பெனி கேட்டுக்குப் போனதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை. 2015இல் கோகுல்ராஜ், நம் திருச்செங்கோட்டில் இருந்து கூட்டிக்கொண்டு போனார்கள், தண்டவாளத்தில்தான் கிடைத்தான். அடுத்த வருஷம் உடுமலையில் சங்கர், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் வெட்டினார்கள். சாதி மாறிக் கட்டிய எந்தப் பிள்ளையும் இந்த இரண்டு பெயரையும் மறக்கவில்லை. சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் வண்டியில் வந்து கேட்டில் நிற்கிறார்கள் என்று செக்யூரிட்டி போன் செய்தால் அவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? சித்தப்பா பாசத்தோடு வந்திருக்கிறார் என்றா? வேலையை மாற்றி, நம்பரை மாற்றி, ஊரை விட்டே போனான் என்றால் அது உங்கள் மேல் வெறுப்பில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணை உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பயம்தான். நாங்களும் முதல் ஒன்றரை வருஷம் வீட்டு விலாசத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

அப்பாவுக்கு முடியவில்லை, வந்து பார்த்துவிட்டுப் போ. எங்களை மாதிரி கட்டிக்கொண்டவர்களை ஊருக்கு வரவழைக்க எல்லோரும் முதலில் எடுப்பது இந்த வார்த்தையைத்தான். எனக்கே இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் அப்பா நன்றாகத்தான் இருந்தார். உங்கள் வீட்டில் அது உண்மை. ஆனால் அது உண்மை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இதற்கு மேல் ஆர்டிஓ ஆபீஸ் நோட்டீஸும் போனால், இன்ன தேதிக்கு இன்ன இடத்துக்கு நீ வந்து நிற்க வேண்டும் என்று ஊருக்கே சொன்ன மாதிரி. அவன் வரமாட்டான், வந்தாலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவான். அப்படி வருகிறவனிடம் நீங்கள் என்ன பேச முடியும்?

கும்பாபிஷேகப் பத்திரிகையில் யார் பெயர் எழுதி அனுப்பினீர்கள்? உங்கள் கேள்வி முழுக்கத் தேடிப் பார்த்தேன், கூட வேலை செய்த பெண் என்று ஒரு இடத்தில் வருகிறது, மருமகள் என்று எங்கேயும் இல்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டு நீ மட்டும் வா என்று ஒருவனைக் கூப்பிட்டால், கட்டிய பெண்டாட்டியை மதிக்கிறவன் எவனும் வரமாட்டான்.

அந்த விளம்பரத்தையும் பாருங்கள். 'என் குடும்பத்தாருக்கும்' என்று இருக்கிறது. நீங்களும் அதில் சேர்த்தி என்றுதான் அவன் படித்திருப்பான். அது அப்பா கொடுத்தது, எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் அவனிடம் எப்போதாவது சொன்னீர்களா?

என் அம்மா செய்ததைச் சொல்கிறேன். யாரையும் தூது அனுப்பவில்லை. என் சின்னம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் வந்து, பஸ்ஸை விட்டு இறங்கியதும் போன் செய்து, நாங்கள் இரண்டு பேர்தான், நீ சொல்கிற இடத்துக்கு வருகிறோம் என்றார். என் வீட்டுக்காரரை வரச் சொன்னார், தம்பி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் வீட்டுக்கு வந்து என் மாமியார் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தார். எங்கள் ஊரில் அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள், உங்களுக்குத் தெரியாதது இல்லை. என் மாமியார் டம்ளரைக் கொடுத்துவிட்டு, குடிக்கிறாரா என்று பார்க்காமல் இருக்க வேறு பக்கம் திரும்பி நின்றார். அம்மா குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் இருக்குதா என்று கேட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை அன்றைக்கு யாரும் பேசவில்லை, தேவையும் இருக்கவில்லை.


வரப்புப்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பயந்துபோய்ப் போனான் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை கண்ணு. பிடிவாதம், அப்பனைப் போலவே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொழுந்தனார் அடிக்கிற ஆள் இல்லை, ஆனால் கூடப் போன எல்லோரைப் பற்றியும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்திரிகையில் அவன் பெயர் மட்டும்தான் இருந்தது. உறைகளுக்குப் பெயர் எழுதியது மாப்பிள்ளை. மருமகள் பெயர் எனக்குத் தெரியும், அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். பேத்தி பெயரும் தெரியும். இங்கே எழுத வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

காடு மாமனார் வழி வந்ததுதான். வீடு இவர் கட்டியது. தை பிறந்தால் பத்திரம் போட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மனுவுக்குப் பதில் மகனுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். அதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு எழுதுவதா, சொல்லாமலா? கல்யாணம் ஆனதில் இருந்து இவருக்குத் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்தது இல்லை. பேத்தி என்று நான் பேச்சை எடுத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அது கோபமா அழுகையா என்று இத்தனை வருஷம் கூட இருந்த எனக்கே தெரியவில்லை.


செம்மண் எழுதியது:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டில் காதல் கல்யாணம், சாதி எதுவும் இல்லை. குடித்துவிட்டு பெல்ட்டால் அடிக்கிற அப்பா, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, அவ்வளவுதான். வேலை கிடைத்ததும் வெளியே வந்தேன். மாதம் அம்மா கணக்குக்குப் பணம் போடுகிறேன், போனை எடுப்பதில்லை. அம்மா கடிதம் எழுதினார், நல்ல கடிதம், இன்னும் வைத்திருக்கிறேன், ஆனாலும் போகவில்லை. போனால் அந்த வீட்டு வாசலில் கால் வைத்ததும் எனக்குப் பத்து வயது ஆகிவிடுகிறது, அது அம்மாவின் தப்பு இல்லை, என் உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

கடிதம் போட்டால் மகன் ஓடி வந்துவிடுவான் என்று அந்த அம்மாவை நம்ப வைத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வரலாம், வராமலும் போகலாம். பதில் வரவில்லை என்றால் அடுத்த வாரமே இன்னொரு கடிதம், அதற்கு அடுத்த வாரம் சிநேகிதன் வழியாக ஒரு நெருக்குதல் என்று போகக் கூடாது அம்மா. ஒரு கடிதம், அப்புறம் பேத்தி பிறந்தநாளுக்கு ஒன்று. அவ்வளவு இடைவெளி விடுங்கள். என் அம்மா அப்படித்தான் செய்கிறார், அதனால்தான் அவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவாவது முடிகிறது.

வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டுமா என்பதற்கு என் பதில்: அனுமதி கேட்காதீர்கள். அனுப்பிவிட்டு, அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஒளித்த மாதிரியும் ஆகாது, அவர் தடுக்கவும் முடியாது.


பழையகோப்பு எழுதியது:

அம்மா, பூர்வீகக் காடு என்று தெளிவாகிவிட்டது, அதனால் தை மாதப் பத்திரப் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மாப்பிள்ளையிடம் சண்டை போட வேண்டாம். மகனுக்கும் பங்கு இருக்கிறதாம், அவன் கையெழுத்து இல்லாமல் போட்டால் பின்னால் பாகப்பிரிவினை வழக்கு வருமாம், உன் பெண்டாட்டிக்குத்தான் சிக்கல் என்று சொன்னாலே அவர் கொஞ்சம் யோசிப்பார். வீடு விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று அவரிடமே, யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேளுங்கள். பேச்சு குழறினாலும் தலையாட்ட முடியும் அல்லவா?

கடிதத்தில் சொத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட வேண்டாம். காட்டில் உனக்குப் பங்கு இருக்கிறது என்று நல்லெண்ணத்தில் எழுதினாலும், கையெழுத்து வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று படிப்பான். ஒப்புகை அட்டை ஒட்டியும் அனுப்ப வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் அப்படித்தான் வரும். சாதாரண உறை, உங்கள் கையெழுத்திலேயே விலாசம். விலாசம் கிடைக்காவிட்டால் அந்தப் பையனிடம் உறையைக் கொடுங்கள், விலாசத்தைக் கேட்க வேண்டாம்.


மழைக்காலம் எழுதியது:

ஐயா சொன்னதுதான் சரி. விலாசத்தைக் கேட்டால் திரும்பவும் பயம்தான் வரும்.

அம்மா, என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள் என்று தோன்றுகிறது. உறை மேலேயே இரண்டு பேர் பெயரும் எழுதுங்கள், முதலில் மருமகள் பெயர். உள்ளே சின்னதாக, இப்படி எழுதினால் போதும். பேப்பர் விளம்பரத்தில் எனக்குச் சம்மதம் இல்லை, அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. சித்தப்பா இனி உங்களைத் தேடி வரமாட்டார், அவரிடம் நான் பேசிவிட்டேன். இதை எழுதும் முன்னால் நிஜமாகவே அவரிடம் பேசிவிடுங்கள், வெறும் வார்த்தையாக எழுத வேண்டாம். அப்பாவின் உடம்பு நிலவரத்தை உள்ளது உள்ளபடி, டாக்டர் சொன்னதை மட்டும், வா என்ற வார்த்தை இல்லாமல். நீங்கள் சொல்கிற ஊரில், சொல்கிற இடத்தில், நான் தனியாக வந்து பேத்தியைப் பார்க்கிறேன், இப்போது முடியாது என்றாலும் சரி. இவ்வளவுதான். பெற்று வளர்த்தேன், பத்து மாதம் சுமந்தேன் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும், எழுத வேண்டாம். 'ஆனால்', 'இருந்தாலும்' என்று ஆரம்பிக்கும் வரி ஏதாவது வந்துவிட்டால் அதை அடித்துவிட்டு வேறு தாளில் எழுதுங்கள்.

கீழே உங்கள் சொந்த போன் நம்பரைக் கொடுங்கள், மகள் வீட்டு நம்பர் வேண்டாம். எத்தனை மணிக்கு மேல் நீங்கள் மட்டும் போன் பக்கத்தில் இருப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், வேறு யாராவது எடுத்தால் அவன் அப்படியே வைத்துவிடுவான்.